வாத்தியாரிடம் கேட்க வேண்டியது

கடலூர்
21-7-63

அன்பு அம்மாவுக்கு ஜானகி வணங்கி எழுதுவது. உன் இடுப்பு வலி தேவலையா? சாரதா வேளைக்குச் சாப்பிடுகிறாளா? இந்த விடுதியில் எனக்குக் கடல் காற்று ஒத்துக்கொண்டுவிட்டது. சோறுதான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் வருஷப் பயிற்சி தொடங்கிவிட்டது. சித்திரையில் முடிந்துவிடும். பிறகு நான் ஒரு வாத்தியாரம்மா. எனக்கென்று ஒரு வேலையும் ஓர் ஊரும் அமைந்ததும் சாரதாவை என்னோடு அழைத்துக்கொள்வேன். அதுவரை பயம்தான். போன வருஷம் பெரியவர்கள் முன்னால் அவள் அப்பா வைத்த பேச்சு என் காதிலேயே நிற்கிறது. "பொண்ணு பெரியவளாகற வரிக்கும் ஆயா வூட்ல இருந்து படிக்கட்டும். ஆன அன்னிக்கே எங்க வூட்டுக்கு வந்துடணும். சடங்கும் கல்யாணமும் நாங்க பாத்துக்கறோம்." நீயும் நானும் தலையாட்டிவிட்டு வந்தோம். மாப்பிள்ளை யார் என்பதும் தெரிந்ததுதான். அவருடைய இரண்டாவது மனைவியின் அண்ணன், அவலூர்பேட்டை ராஜாங்கம். என்னைவிட மூத்தவன்.

சாரதா வளருகிறாளே என்று சந்தோஷப்பட வேண்டிய வயசில் வளராமல் இருக்கக்கூடாதா என்று வேண்டிக்கொள்கிறேன் அம்மா.

பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் பெற்றோர் கூட்டம் வைக்கப்போவதாகச் சாரதா எழுதியிருந்தாள். நீ போக வேண்டும். எங்களுக்கு இங்கே சொல்லித் தருகிறார்கள்: கூட்டத்துக்கு வருகிறவர்கள் "படிக்கிறாளா, ஒழுங்கா இருக்கிறாளா" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள், அது பிள்ளையைப் பற்றிய கேள்வியே இல்லை. வகுப்பில் எங்கே உட்காருகிறாள், யாரோடு பேசுகிறாள், எந்தப் பாடத்தில் முகம் மலர்கிறது, எதைக் கண்டு சுருங்குகிறது என்று கேட்க வேண்டுமாம். எனக்காகக் கேட்டு எழுது.

உன் மகள்,
ஜானகி


உ
செஞ்சி
28-8-63

சௌபாக்கியவதி என்று எழுதக் கை வரவில்லை. அந்தப் பாக்கியத்தைக் கொடுத்தவன் கடலைக்காய் மண்டியில் உட்கார்ந்து அடுத்தவளோடு குடும்பம் நடத்துகிறான். ஆகவே சிரஞ்சீவி ஜானகிக்கு அம்மா ஆசீர்வாதம். நான் இருக்கிறேன். சாரதா இருக்கிறாள். பசு சினையாக இருக்கிறது.

பதில் எழுத நாளாகிவிட்டது. மூணாம் கிளாஸ் படிப்பில் நான் எழுத்துக் கூட்டி எழுத வேண்டும், தெரியுமல்லவா? கூட்டம் கார்த்திகை மாதம்தானாம். போகிறேன். ஹெட்மாஸ்டர் கோதண்டராமன் முகத்தில் முழிக்க எனக்கு இஷ்டமில்லை. அவனுடைய அம்மா அவன் கல்யாணத்துக்கு நம் பித்தளை அண்டாவை வாங்கிக்கொண்டு போய் நெளித்துக் கொடுத்தாள். நெளிந்தது நெளிந்தபடிதான் இருக்கிறது. இருந்தாலும் உனக்காகப் போகிறேன்.

கோயில் பூசாரியோடு ஆவணி முதல் வெள்ளிக்கிழமை சண்டை போட்டுவிட்டேன். விபூதியைத் தூக்கிப் போடுகிறான், நாய்க்குப் போடுகிற மாதிரி. இனி அந்தக் கோயில் வாசலை நானும் சாரதாவும் மிதிப்பதில்லை. எதிர்வீட்டு வளைகாப்புக்கும் போகவில்லை. அவள் உன் கல்யாணத்தில் சாம்பாரில் உப்பில்லை என்று சொன்னவள். வண்ணாத்தியையும் நிறுத்திவிட்டேன். துணியைக் கல்லில் அடித்தே கிழிக்கிறாள். எல்லாத் துணியையும் நானே துவைத்துக்கொள்கிறேன்.

சாரதாவுக்கு ஒரு விசேஷமும் இல்லை. நன்றாக இருக்கிறாள். உன்னிடம் நைந்துபோன பருத்திப் புடவை இருந்தால் அனுப்பு. சாமான் துடைக்க ஆகும்.

வேறு என்ன? இங்கே மழை இல்லை. அங்கே காய்ச்சல் பரவுகிறதென்று சொன்னார்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

அம்மா


கடலூர்
6-10-63

அன்பு அம்மாவுக்கு ஜானகி வணங்கி எழுதுவது. புடவை கிடைத்ததா? உடம்பு எப்படி?

எனக்கு உன்மேல் கோபம். பூசாரி, எதிர்வீடு, வண்ணாத்தி என்று ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் பகைத்துக்கொண்டால் அந்தக் குழந்தைக்கு யார்தான் துணை? பண்டிகை நாளில்கூட அவளைக் கோயிலுக்கு அனுப்பவில்லையாமே. உன் சண்டையை உன்னோடு வைத்துக்கொள் அம்மா.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. ஹெட்மாஸ்டர் எனக்கு ஒரு கார்டு போட்டிருக்கிறார். கால் பரீட்சையில் சாரதா கணக்கிலும் பூகோளத்திலும் இறங்கிவிட்டாள். மாதத்தில் சில நாள் வகுப்புக்கே வருவதில்லை. வந்தாலும் மத்தியானத்துக்கு மேல் பாடத்தில் கவனமில்லை. இப்படியே போனால் முழுப் பரீட்சைக்கு அனுப்ப முடியாது என்கிறார். எட்டாவது தேறாவிட்டால் அவள் படிப்பு அதோடு நின்றது. பெரியவளாகும்வரை காத்திருக்கக்கூட வேண்டாம், அவர்கள் இப்போதே வந்துவிடுவார்கள்.

நன்றாகப் படித்த பிள்ளை ஏன் இப்படி ஆனாள்? சோம்பலா, சகவாசமா? மூடி மறைக்காமல் எழுது. அவளையும் ஒரு கடிதம் எழுதச் சொல்.

ஜானகி


செஞ்சி
13-10-63

அன்புள்ள அம்மாவுக்கு சாரதா அநேக நமஸ்காரம். நானும் ஆயாவும் சுகம். நீங்கள் சுகமா?

நான் சோம்பேறி இல்லை அம்மா. ஹெட்மாஸ்டர் சார் நல்லவர்தான், அடிப்பதில்லை. பகல் சாப்பாட்டு மணி அடித்தால் மற்ற பெண்கள் வீட்டுக்கு ஓடிவிட்டு வருவார்கள். நம் வீடு கோட்டை ஓரம் இருப்பதால் எனக்குப் போய்த் திரும்ப முடியவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் முள்வேலிதான். அந்தப் பக்கம் பையன்கள் இருப்பார்கள். அதனால் நான் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. தலை வலிக்கிறது. எழுத்து ஆடுகிறது. போன வாரம் பிரார்த்தனையில் நிற்கும்போது கண் இருட்டிவிட்டது. இதை எழுதினேன் என்று ஆயாவிடம் சொல்லாதீர்கள்.

இந்தியாப் படம் வரைந்து நதிகள் எல்லாம் போட்டேன். நன்று என்று சார் எழுதினார்.

தங்கள் மகள்,
சாரதா


உ
செஞ்சி
17-11-63

சிரஞ்சீவி ஜானகிக்கு அம்மா ஆசீர்வாதம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். இதைத் தனியாக உட்கார்ந்து படி. படித்ததும் அடுப்பில் போடு.

சாரதா ஆவணி மாதமே பெரியவளாகிவிட்டாள்.

நான் யாருக்கும் சொல்லவில்லை. உனக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ அழுதுகொண்டு வந்து நிற்பாய், உன் முகத்தைப் பார்த்தே மண்டித் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். விடியற்காலையில் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு நானே மஞ்சள் தண்ணீர் ஊற்றினேன். தாய்மாமன் சீர் இல்லை, பந்தல் இல்லை, ஒரு சுமங்கலி இல்லை. பொங்கிப் போட்டவளும் நான், ஆரத்தி எடுத்தவளும் நான். தாலியறுத்தவள் ஆரத்தி எடுக்கலாமா என்று கேட்காதே. வேறு யார் இருந்தார்கள்? உளுந்தங்களி கிண்டினேன். வாசனை பிடித்து எதிர்வீட்டுக்காரி வந்தாள். "இன்னா விசேஷம்?" "இடுப்பு செத்துப்போச்சுடி, அதுக்குத்தான் களி" என்றேன். அவள் எதிரிலேயே உட்கார்ந்து அத்தனையும் நானே தின்றேன். மறுநாள் குழந்தைக்கு மறுபடி கிண்டினேன்.

தீட்டோடு கோயிலுக்குப் போகக்கூடாது. போகாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். ஆகவே பூசாரியோடு சண்டை. வண்ணாத்திக்குத் துணி போட்டால் அவள்தான் முதலில் ஊருக்குச் சொல்வாள். ஆகவே அவளோடும் சண்டை. ரத்தினம்மாள் சண்டைக்காரி என்று ஊருக்கு முன்னாலேயே தெரியும், யாரும் ஆச்சரியப்படவில்லை. விபூதியைத் தூக்கிப் போட்டது மட்டும் உண்மை. அதை நான் மறக்கப்போவதில்லை.

எல்லாம் செய்தும் ஒன்றில் மாட்டிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் ஒதுங்க இடமில்லை. அந்த நாட்களில் அவளை எப்படி அனுப்புவது? அனுப்பாவிட்டால் ஆப்சென்ட். மற்ற நாளில் தண்ணீர் குடிக்காமல் இருந்து இருந்து நீர்க்கடுப்பு வந்து சுருண்டு படுக்கிறாள். குழந்தை எனக்குத் தெரியாமல் உனக்கு எழுதியதும் தெரியும். தபால்காரன் என்னிடம்தான் ஸ்டாம்பு ஒட்டக் கோந்து கேட்டான்.

கூட்டம் வருகிற முப்பதாம் தேதி, சனிக்கிழமை. எங்கே உட்காருகிறாள், எதில் முகம் மலர்கிறாள் என்றெல்லாம் கேட்கச் சொன்னாய். அவன் சொல்லி எனக்குத் தெரிய வேண்டியதில்லை. நான் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. அதைக் கேட்டுவிட்டு வருகிறேன்.

அம்மா


கடலூர்
2-12-63

அம்மா,

வணக்கம்கூட எழுதத் தோன்றவில்லை. பாடம் நடத்திப் பழகுவதற்காக எங்களை ஒரு கிராமத்துக்கு அனுப்பியிருந்தார்கள். நேற்று திரும்பினேன். உன் கடிதம் விடுதியில் என் தலையணை மேல் கிடந்தது. படித்தேன். அடுப்பில் போட்டேன்.

அவள் தலையில் தண்ணீர் ஊற்றக் கொடுத்துவைக்கவில்லை எனக்கு. அது போகட்டும்.

கூட்டத்தில் அதைக் கேட்காதே அம்மா. நாலு பேர் நடுவில் கேட்டால் ஏன் கேட்கிறாய் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். ஹெட்மாஸ்டரைத் தனியாகப் பார், இல்லை அவர் மனைவியிடம் சொல். சாரதா அப்பாவுடைய அக்கா மீனம்பாள் அண்ணி காதில் மட்டும் விழக்கூடாது. அந்த வீட்டில் நடப்பதெல்லாம் அவர் சொல்படிதான். நான் அங்கே வாழ்ந்த காலத்தில் என் தலைமுடி ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக் கணக்கு வைத்தவர் அவர்.

ஆனால் முப்பதாம் தேதி போய்விட்டதே. இந்தக் கடிதம் உனக்கு வரும்போது நீ கேட்டு முடித்திருப்பாய்.

என்ன ஆயிற்று? உடனே எழுது.

ஜானகி


உ
செஞ்சி
6-12-63

சிரஞ்சீவி ஜானகிக்கு அம்மா ஆசீர்வாதம். சாரதாவுக்கு இப்போது கடுப்பு இல்லை. எனக்கு ஒன்றும் இல்லை. அவமானம் உடம்பில் சேர்த்தி இல்லையே.

கேட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

பெரிய வகுப்பில் பெஞ்சு போட்டு எல்லாரையும் உட்கார வைத்தார்கள். கோதண்டராமன் எழுந்து, "உங்க பிள்ளைங்களப் பத்தி எது வேணாலும் கேளுங்க, கூச்சப்படாதீங்க" என்றான். கல்லுடைக்கிற பொன்னுசாமி கை கட்டிக்கொண்டு எழுந்தான். "சார், கண்ணு ரெண்டையும் வுட்டுட்டு மிச்சத்த உரிச்சிடுங்க. நான் ஏன்னு கேக்கவே மாட்டேன்." உடனே அடுத்தவன் அதையே சொன்னான். அதற்கடுத்தவனும் அதையே. கேட்க வரச் சொன்னால், கேட்க மாட்டோம் என்று சொல்லத்தான் அத்தனை பேரும் வேட்டி மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள்.

என் முறை வந்தது. "சாரதா நல்லா படிக்கற பொண்ணும்மா. இப்ப ஏன் இப்பிடி?" என்றான்.

"நான் கேக்கறதுக்கு நீ பதில் சொல்லுப்பா மொதல்ல" என்றேன். "இத்தினி பொண்ணுங்கள சேத்திருக்கியே, அவசரத்துக்கு ஒதுங்க ஒரு மறப்பு கட்டி வெச்சிருக்கியா?"

அவன் முகம் தொங்கிப்போயிற்று. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். "இத்தினி வருசம் தேவப்படாதது, இப்ப இன்னாத்துக்கு தேவப்படுது ரத்தினம்மா?"

மீனம்பாள். உனக்குச் சக்களத்தியாக வந்த சின்னவள் வள்ளியம்மாளின் பெண் ஒன்றாம் வகுப்பில் படிக்கிறதல்லவா, அதற்காக வந்து தூண் ஓரம் உட்கார்ந்திருக்கிறாள். என் கண்ணுக்கு இப்போது தூரத்தில் இருப்பதெல்லாம் மங்கல். நான் பார்க்கவே இல்லை. அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னாலும் சாரதாவில்தான் வந்து நிற்கும்.

திரும்பினேன். "எனக்குத்தான்டி! காலைலேர்ந்து ஒக்கார வெச்சிட்டாங்க. வயசானவ எத்தினி நேரம்டி அடக்குவேன்? இன்னும் செத்த நாழி போனா இங்கியே போயிடுவேன், நீ வந்து தொடைக்கறியா?"

கூரை இடிகிற மாதிரி சிரித்தார்கள். "கெழவிக்கு கக்கூஸு கட்டறதுக்கா கூட்டம் போட்டீங்க?" என்றான் பொன்னுசாமி. அவன் அப்பன் என்னிடம் நெல் அவித்த கூலியில் கொட்டாங்கச்சி நொய் ஏமாற்றினவன். சிரிக்கட்டும். நானும் சிரித்தேன். இப்போது பஜாரில் பையன்கள் என்னைப் பார்த்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடிக் காட்டுகிறார்கள்.

கோதண்டராமன் என்னைப் பக்கத்திலிருந்த தன் வீட்டுக் கொல்லைக்கு அனுப்பினான். சொன்ன பொய்க்காகப் போக வேண்டியதாயிற்று. மீனம்பாள் கூடவே வந்து கதவோரம் நின்றாள். நிஜமாகவே போகிறேனா என்று பார்க்க.

திரும்பும்போது அவன் என் பக்கத்தில் வந்து, "நாளைலேர்ந்து சாரதா எங்க வூட்டுக் கொல்லைக்கு வந்து போகட்டும்மா, வூட்ல சொல்லிட்டேன்" என்று மெதுவாகச் சொன்னான். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நெளிந்த அண்டா அவன் அம்மா கணக்கு. அதை இவன் தலையில் ஏற்ற மாட்டேன்.

ஆனால் மீனம்பாள் என் வாசல்வரை வந்தாள். சாரதாவை மேலும் கீழும் பார்த்தாள். "நல்லா வளந்துட்டா. இன்னும் ஒண்ணும் ஆவலியா?" இல்லை என்றேன். "அப்ப கொழந்ததானே? பொங்கலுக்கு எங்க வூட்ல வந்து இருக்கட்டும். நைனா வூடு தெரியாமலேயே வளந்தா எப்பிடி?"

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன் ஜானகி. எல்லாக் காரணமும் அந்த ஒரு காரணத்தில்தான் போய் முடிகிறது.

அம்மா


தனகோட்டி, கடலைக்காய் மண்டி,
செஞ்சி
2-1-64

ஜானகிக்குத் தனகோட்டி எழுதியது. இங்கு யாவரும் நலம். உன் நலமும் அப்படியே இருக்கும் என்று நினைக்கிறேன்.

வரும் போகிக்கு முந்தின நாள் சாரதாவை நம் வீட்டுக்கு அழைத்து வந்து பொங்கல் கழித்து அனுப்புவதாக உள்ளேன். உன் சம்மதம் கேட்டு எழுதவில்லை, தகவலுக்காக எழுதுகிறேன். அவள் இன்னும் குழந்தை என்று உன் தாயார் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். குழந்தை தகப்பன் வீட்டில் நாலு நாள் இருப்பதில் ஆட்சேபணை இருக்க முடியாது. ஆட்சேபணை இருந்தால் அதற்கு வேறு அர்த்தம் என்று எடுத்துக்கொண்டு பெரியவர்களைக் கூப்பிடுவேன்.

படிப்பை ஒழுங்காக முடிக்கவும்.

தனகோட்டி


கடலூர்
6-1-64

அம்மா,

அவர் எழுதியதை இதோடு வைத்திருக்கிறேன். உனக்குக் காய்ச்சல் என்று சொல். அவளுக்கு அம்மை என்று சொல். வேப்பிலையை வாசலில் கட்டு. என்னவாவது செய்.

நான் வந்தால் பயிற்சி போயிற்று, இனி சேர்க்க மாட்டார்கள். வராவிட்டால் அவள் போய்விடுவாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். பாடம் நடத்தும்போது பிள்ளைகள் கேட்கும் கேள்வி காதில் விழுவதில்லை.

அவளுக்கு எந்தத் தேதி என்று கணக்குப் பார்த்தாயா? பொங்கல் கழித்துத்தானே வரும்? எனக்கு அதையாவது எழுது. சாப்பிடு அம்மா.

ஜானகி


உ
செஞ்சி
24-1-64

சிரஞ்சீவி ஜானகிக்கு அம்மா ஆசீர்வாதம். பொங்கல் கழிந்து சாரதா வந்துவிட்டாள். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். இதை முதலில் படித்து மூச்சு விட்டுக்கொள். இத்தனை நாளாக எழுதவில்லை என்று திட்டாதே. எழுதுவதற்கு எனக்கே பிடிபடவில்லை.

அம்மை என்று சொல்லலாம் என்றுதான் வேப்பிலை ஒடித்து வைத்தேன். அதற்குள் அவன் சைக்கிளில் வந்து வாசலில் மணி அடித்தான். குழந்தையைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போய்விட்டான். கணக்குப்படி பொங்கல் கழித்துத்தான் வர வேண்டும். போகியன்று விடிகாலையிலேயே வந்துவிட்டது.

குழந்தை சொன்னதைச் சொல்கிறேன். குளிக்கிற இடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றிருக்கிறாள். கத்தினால் மீனம்பாள் வருவாள். வெளியே வந்தால் பாவாடை சொல்லிவிடும். அப்போது வெந்நீர் எடுத்துக்கொண்டு அவள் வந்திருக்கிறாள். சின்னவள். வள்ளியம்மாள். பார்த்தாள். தாழ்ப்பாளைப் போட்டாள். ஒன்றும் கேட்கவில்லையாம். பாவாடையைக் கழற்றித் தண்ணீரில் போட்டுத் தன் புடவையையும் அதோடு சேர்த்து நனைத்துவிட்டு, தன் துணியைக் கிழித்துக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, வெளியே போய் மீனம்பாள் எதிரில் நின்று, "அண்ணி, நான் தூரம். பொங்கப் பானைய நீங்களே வைங்க" என்றாளாம்.

"இன்னாடி இது? இப்பத்தானேடி தலைக்கு ஊத்திக்கினு உள்ள வந்த! அதுக்குள்ள மறுபடியுமா?"

"ஒடம்பு என் பேச்சையா கேக்குது?"

சொல்லிவிட்டுச் சாரதாவின் கையை எல்லார் எதிரிலும் பிடித்துவிட்டாள். "அய்யய்யோ, தெரியாம தொட்டுட்டேனே! சரி, தொட்டது தொட்டாச்சு. எனக்கு தண்ணி கிண்ணி எடுத்துக் குடுக்க ஆள் வேணும். இவளும் இங்கியே இருக்கட்டும்." இருவரும் மாட்டுக்கொட்டகைப் பக்கம் ஒதுக்குப்புறத்தில். உள்ளே பால் பொங்கினபோது இவர்களுக்குச் சத்தம்தான் கேட்டது. மீனம்பாள் இலையைத் தள்ளிவைத்துவிட்டுப் போவாள், கிட்டே வர மாட்டாள். தீட்டு! குழந்தையின் துணியெல்லாம் அவள் துணியாகவே துவைந்து காய்ந்தது.

ராஜாங்கம் மாட்டுப் பொங்கலுக்குக் கரும்புக் கட்டோடு வந்திருக்கிறான். கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்தானாம். "அந்தப் பக்கம் போண்ணா, தீட்டு" என்று அவள் விரட்டியிருக்கிறாள். அவன் போன பிறகு குழந்தை அவளிடம், "ஏன் சின்னம்மா எனக்காக இதெல்லாம்?" என்று கேட்டிருக்கிறாள். அதற்கு அவள் சொன்னது இவ்வளவுதான்: "எங்க அண்ணன எனக்குத் தெரியும்."

குழந்தை அவளைச் சின்னம்மா என்கிறாள். நான் திருத்தவில்லை.

வள்ளியம்மாளுக்கு நிஜமாகவே தூரமாகும் நாள் வருகிற வாரம் வரும். மறுபடி உட்கார்ந்தால் மீனம்பாள் விடுவாளா? உட்காராமல் உள்ளே அடுப்பைத் தொட்டால் அந்த வீட்டில் அதைவிடப் பாவம் இல்லை. அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா


கடலூர்
2-2-64

அன்பு அம்மாவுக்கு ஜானகி வணங்கி எழுதுவது. இப்போது கொஞ்சம் தூங்குகிறேன். சாரதாவைப் பால் குடிக்கச் சொல்.

அந்தச் சின்னவளுக்கு இரண்டு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. காகிதத்தைக் கிழித்துவிட்டேன். மண்டிக்குத்தான் தபால் போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சித்திரை வரைக்கும்தான். பரீட்சை முடிந்த அன்றே சாரதாவைப் பஸ் ஏற்றிவிடு. என்னோடு படிக்கும் ஒருத்தியின் வீட்டில் இடம் கேட்டு வைத்திருக்கிறேன். வேலை கிடைக்கும் வரை அங்கே இருந்துகொள்வோம்.

ஜானகி


உ
செஞ்சி
19-4-64

சிரஞ்சீவி ஜானகிக்கு அம்மா ஆசீர்வாதம். சாரதா பத்திரமாக வந்து சேர்ந்தாள் என்று உன் கார்டு கிடைத்தது. அவளை இப்போது பக்கத்தில் வைத்துக்கொண்டிருப்பாய். தலைக்கு எண்ணெய் வைத்து விடு, வெயில் காலம்.

நீ கேட்காததையும் எழுதுகிறேன். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்தவளை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. கோதண்டராமன் சம்சாரம் திண்டிவனத்துக்குப் போகிறவள், அவளோடு அப்படியே பஸ் ஏற்றினேன். மறுநாள் காலையில் தனகோட்டியும் மீனம்பாளும் வந்தார்கள். "பொண்ணு எங்க?" "அவ அம்மாகிட்ட." மீனம்பாள் தரையில் உட்கார்ந்து விரல் விட்டுக் கூட்டிக் கழித்தாள். தை மாதம் சின்னவள் பொங்கலுக்கு உட்கார்ந்தாள், மாதம் முடிவதற்குள் மறுபடி உட்கார்ந்தாள். நோய் என்று சொல்லிக் கஷாயம் கொடுத்தார்கள். மாசியில் நோயைக் காணோம். கூட்டத்தில் கிழவி கேட்ட கேள்வி. எல்லாம் சேர்ந்துவிட்டது.

வீட்டுக்குப் போய்ச் சின்னவளைக் கேட்டிருக்கிறார்கள். அவள் பொய் சொல்லியிருக்கலாம். "ஆமா, அவளுதுதான். நான்தான் மறச்சேன்" என்றாளாம். அன்றைக்கே அவலூர்பேட்டைக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் பெண்ணை மீனம்பாள் தன்னோடு நிறுத்திக்கொண்டாள். அவலூர்பேட்டையில் அவளுக்கு அம்மா இல்லை, அப்பா இல்லை. இருப்பது அண்ணன் வீடு. ராஜாங்கம் வீடு.

பெரியவர்கள் என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். போனேன். சொன்ன வார்த்தை தப்பினாயே என்றார்கள். ஆமாம் என்றேன். அபராதம் போடட்டும், ஊரை விட்டுத் தள்ளி வைக்கட்டும். ஏற்கெனவே நான் யாரோடும் பேசுவதில்லை.

நேற்று அவலூர்பேட்டை சந்தை. பஸ் ஏறிப் போனேன். ராஜாங்கம் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். அவள் மாவு இடித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

"எங்கூட வந்துடு" என்றேன். "எனக்கு ஒருத்தி போனா, ஒருத்தி வந்தான்னு இருக்கட்டும்."

"நான் அங்க வந்தா எம் பொண்ண கண்ணுலயே காட்ட மாட்டாங்க பெரீம்மா. இங்க கெடந்தா என்னிக்காவது கூப்டுவாங்க." உலக்கையைக் கீழே வைக்கவில்லை. ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். உன் இடத்தில் வந்து உட்கார்ந்தவள் என்ற கோபத்தை நான் விடவில்லை ஜானகி. அதை வைத்துக்கொண்டேதான் அந்த மோரைக் குடித்தேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வாசல் படிவரை வந்தாள். படியைத் தாண்டவில்லை. இப்போதாவது அழுவாள் என்று நின்றேன்.

"பெரீம்மா, பரிச்சைய நல்லா எழுதினாளா?" என்றாள்.

எழுதினாள் என்றேன்.

அவளுக்குக் கடிதம் போடாதே, அவன் பிரிப்பான். மார்க் வந்ததும் எனக்கு எழுது. எந்தப் பாடத்தில் எவ்வளவு என்று தனித்தனியாக எழுது. சந்தை நாள் பார்த்து நான் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.

அம்மா